குளிர்கால ட்ரக்டர் கண்காட்சி: மண்டபத்துக்குள் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்

தை மாதத்தில் நுவரெலியாவில் ஒரு மண்டபத்துக்குள் நுழைந்தால் எல்லோரும் முதலில் செய்வது கதவை இழுத்துச் சாத்துவதுதான். மண்டப நிகழ்ச்சிகளுக்குப் பாதுகாப்பு ஏற்பாடு பார்ப்பவன் நான். பழைய ட்ரக்டர் சேகரிப்பாளர்களைக் கூட்டி இந்தக் குளிரில் கண்காட்சி வைக்க நினைக்கிறவர்களிடம் அந்தக் கதவைப் பற்றித்தான் முதலில் பேசுவேன்.

1946 முதல் 1956 வரை தயாரான பெர்குசன் டீ.ஈ.20 ட்ரக்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து, பாகம் பாகமாகச் சேர்த்து ஓட வைத்தவருக்கு அதன் சத்தத்தைக் கேட்க வைக்க ஆசை இருக்கும். "ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க அண்ணே" என்று கூட்டமும் கேட்கும். தயவுசெய்து உள்ளே வேண்டாம். பெற்றோல் எஞ்சின் புகையில் காபன் மொனொக்சைட் இருக்கிறது, அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, இரத்தத்தில் ஒட்சிசன் ஒட்ட வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். குளிரில் காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணும்போது பெற்றோல் அதிகமாகப் போய் சரியாக எரியாது. அதோடு, பொலன்னறுவையில் கார்புரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) சரிபார்த்த வண்டி 1,800 மீற்றருக்கு மேலே வந்தால் இங்கே காற்று அடர்த்தி குறைவு என்பதால் கலவையில் பெற்றோல் இன்னும் கூடிவிடும். அதாவது கீழே ஓடியதைவிட இங்கே அந்த வாயு கூடுதலாக வரும், கதவோ சாத்தியிருக்கும். டீசல் வண்டியில் இது குறைவுதான், அதற்காக உள்ளே ஓட விடலாம் என்று அர்த்தமில்லை. குளிர்காயக் கரிச்சட்டி வைப்பதும் இதே ஆபத்துதான்.

இந்த வாயு உடம்பில் ஏறினால் தலையிடி, தலைசுற்று, வாந்தி வருகிற மாதிரி இருக்கும். ரம்பொடை வளைவுகளில் ஏறி வந்தவர்கள் அதைப் பயணக் களைப்பு என்றே நினைத்துக்கொள்வார்கள். இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் அப்படி இருந்தால் யோசிக்காமல் எல்லோரையும் வெளியே கூட்டிப்போய், 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

எஞ்சினை வாசலிலேயே அணைத்து, ஆள் பிடித்துத் தள்ளி உள்ளே கொண்டுவாருங்கள். பழைய பிரேக்கை நம்ப வேண்டாம், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பெட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள், தாங்கியில் எரிபொருள் கொஞ்சமாக இருந்தால் போதும், ஒழுகுவதைப் பிடிக்கக் கீழே ஒரு தட்டு, பக்கத்தில் உலர்தூள் தீயணைப்பான். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வெள்ளைக்காரன் காலத்துப் பலகைத் தள மண்டபம் என்றால், ஒரு தொன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை ஏற்றுவதற்கு முன் பொறியியலாளர் ஒருவர் கீழே குனிந்து தளத்தைத் தாங்கும் மர வளைகளைப் பார்த்தே ஆக வேண்டும்.

சத்தம் கேட்கத்தான் வேண்டுமென்றால் காலை வெயில் ஏறிய பிறகு வெளி முற்றத்தில் நேரம் ஒதுக்குங்கள், புகைக்குழாய் வாசலையோ ஜன்னலையோ பார்க்காமல் திருப்பி நிறுத்துங்கள். அப்புறம், மார்கழி தையில் வடகீழ்ப் பருவமழையும் இருக்கிறது. லொறியில் வண்டியை ஏற்றுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிடுங்கள், சிவப்பு என்றால் கண்காட்சித் திகதியைத் தள்ளிப் போடுங்கள்.