சைரன் ஒலித்தால் எர்ணாவூர்க்காரர் எங்கே போவது?

2025 மே 7 அன்று நாடு முழுக்க நடந்த சிவில் பாதுகாப்பு ஒத்திகையில் தமிழ்நாட்டிலிருந்து சென்னைத் துறைமுகமும் கல்பாக்கம் அணுமின் நிலையமும் இடம்பெற்றன. அதற்குப் பிறகு வடசென்னையில் திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் பக்கம் நான் எடுத்த வகுப்புகளில் திரும்பத் திரும்ப ஒரு கேள்வி வந்தது. "குண்டு வுழும்போது கவுந்து படுத்துக்கினா தப்பிச்சிக்கலாமா சார்?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். ஆனாலும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.

மணலித் தொழிற்சாலைப் பகுதியில் பல ஆண்டுகள் பாதுகாப்பு அலுவலராக வேலை பார்த்தவன் நான். இப்போது குடியிருப்போர் சங்கங்களுக்கும் பள்ளிகளுக்கும் அவசரகாலப் பயிற்சி தருகிறேன். என் பதில் இதுதான்: குண்டு விழுகிற இடத்திலேயே நிற்பவரை எந்த அறிவுரையும் காப்பாற்றாது. கவிழ்ந்து படுங்கள் என்பது போல அரசு வெளியிடும் அறிவுரை அவருக்காக எழுதப்பட்டதும் அல்ல. அரை கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறாரே, அவருக்காக எழுதப்பட்டது. எந்தப் பெரிய விபத்திலும் அப்படித் தள்ளி இருப்பவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவர்களில் பலர் காயப்படுவது, தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய காரணங்களால்தான்.

2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே ஒரு விண்கல் வெடித்தது. முதலில் வானத்தில் கண்ணைக் கூசும் வெளிச்சம். அதிர்வலை தரைக்கு வந்து சேர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியில் என்ன வெளிச்சம் என்று பார்க்க ஜனங்கள் ஜன்னலுக்குப் போனார்கள். சுமார் 1,500 பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். பெரும்பாலும் கண்ணாடி வெட்டிய காயம். ஒரு பள்ளியில் ஆசிரியை ஒருவர், பழைய சிவில் பாதுகாப்புப் பாடத்தில் சொன்னபடியே, 44 பிள்ளைகளையும் மேசைக்கடியில் போகச் சொன்னார். ஒரு பிள்ளைக்கும் வெட்டுக்காயம் இல்லை. நின்றுகொண்டிருந்த அவருக்குத்தான் காயம்.

2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்திலும் இதேதான். முதலில் தீ, புகை. அதன் பிறகுதான் பெருவெடிப்பு. புகையை ஜன்னலிலும் பால்கனியிலும் நின்று படம் எடுத்தவர்கள் மேல் கண்ணாடி பாய்ந்தது. அங்கே வெடித்தது அமோனியம் நைட்ரேட். அந்த வாரத்தில்தான் நம் ஊரிலும் விஷயம் வெளியே வந்தது: 2015-இல் பறிமுதல் செய்யப்பட்ட சுமார் 700 டன் அமோனியம் நைட்ரேட் மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் கிடந்தது. பிறகு அதை ஹைதராபாத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். ஆகவே நான் எந்த வகுப்பிலும் முதலில் சொல்வது இதைத்தான். தூரத்தில் பெரிய தீயோ பளிச்சென்ற வெளிச்சமோ தெரிந்தால் ஜன்னலுக்குப் போகாதீர்கள். போனைக் கீழே வையுங்கள். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, சுவரோரம் தரையில் கவிழ்ந்து தலையைக் கையால் மூடிக்கொள்ளுங்கள்.

ஆனால் வடசென்னைக்காரருக்குக் குண்டைவிடப் பக்கத்தில் இருக்கும் ஆபத்து, குழாயிலும் டேங்கிலும் இருக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் நேரத்தில், எண்ணூரில் ஓர் உர ஆலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் தூக்கத்திலிருந்து மூச்சுத் திணறி எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. மறுவாரம் அந்தப் பக்கம் போய்ப் பேசினேன். ஓடியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எதற்கு, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று யாரும் அவர்களுக்கு அதுவரை சொல்லித் தந்திருக்கவில்லை.

சொல்லித் தந்திருந்தால் போதுமான விஷயம் அது. அமோனியா தண்ணீரில் மிக எளிதாகக் கரையும். ஒரு துண்டையோ துப்பட்டாவையோ நன்றாக நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டால், வாயுவில் ஒரு பகுதி அந்த ஈரத்திலேயே தங்கிவிடும். முழுப் பாதுகாப்பு இல்லை. தெருமுனை தாண்டிப் போகும் அளவுக்கு நேரம் கிடைக்கும். இன்னொன்றும் நமக்குச் சாதகம். பெரும்பாலோர் மூக்கு இந்த வாயுவைக் காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்குக்குக் கீழே இருக்கும்போதே கண்டுபிடித்துவிடும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழிற்துறையில் வைத்திருக்கும் எல்லை 300 பங்கு. அதாவது மூக்கைத் துளைக்கும் நெடி வந்த உடனே செயல்பட்டால் அவகாசம் உண்டு. கண் எரிந்தால் கசக்கக் கூடாது. நல்ல தண்ணீரால் பதினைந்து நிமிடம் விடாமல் கழுவ வேண்டும்.

போகும் திசையில்தான் உயிர் இருக்கிறது. காற்று அடிக்கும் திசையிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும். காற்றை எதிர்த்து ஓடினால் கசியும் இடத்துக்கே போய்ச் சேருவோம். குறுக்கே போக வேண்டும். இதை அதிகாரிகளுக்குச் சொல்லும்போது வரைபடம் போட்டு விளக்க வேண்டியிருக்கும். எண்ணூரில் மீனவர் வீட்டுப் பிள்ளைக்குச் சொன்னால் அரை நொடியில் புரிந்துகொள்கிறது. பகலில் கடற்காற்று மணலிப் புகையை மாத்தூர், மாதவரம் பக்கம் தள்ளும். பின்னிரவில் தரைக்காற்று அதையே திருவொற்றியூர், எர்ணாவூர் பக்கம் திருப்பிவிடும். மார்கழியில் வாடை வேறு கணக்கு. இவ்வளவும் அந்த ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அவர்கள் கையில் கொடுக்கிற நோட்டீஸில்தான் அது இல்லை.

எல்லா வாயுவுக்கும் ஒரே யோசனையும் செல்லாது. குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், பள்ளத்தில் தங்கும், மாடிக்கு ஏறுவது நல்லது. சமையல் வாயுவும் கீழேதான் படரும். அப்போது ஸ்விட்சைத் தொடக் கூடாது, போடவும் கூடாது அணைக்கவும் கூடாது.

இனி அறிவுரை தோற்கும் இடத்துக்கு வருகிறேன். "வீட்டுக்குள்ளேயே இருங்கள், கதவு ஜன்னல்களை மூடுங்கள்" என்பது உலகம் முழுக்க முதலில் சொல்லப்படுவது. கான்கிரீட் வீட்டுக்கு அது மிகச் சரி. வெளியே வாயு மேகம் கடந்து போகும் வரை உள்ளே மெதுவாகத்தான் நுழையும். கடந்து போனதும் எல்லாவற்றையும் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பது அந்த அறிவுரையின் பின்பாதி. அதைப் பலர் சொல்வதே இல்லை. ஆனால் எர்ணாவூரில் ஒரு வகுப்பில் ஓர் அம்மா எழுந்து கேட்டார்: "மூடுன்னு சொல்றீங்க சார். எங்க வூட்டு ஷீட்டுக்கும் சொவத்துக்கும் நடுவுல என் கை பூந்து வெளிய போவுது. அத்த எத்த வெச்சி மூடறது?"

அந்த அம்மாவின் கேள்விக்கு அச்சிட்ட எந்தத் தாளிலும் பதில் இல்லை. பதில் அந்தத் தெருவில்தான் இருக்கிறது. ஷீட் வீடுகள் உள்ள ஒவ்வொரு தெருவுக்கும் ஐந்து நிமிட நடையில் ஒரு கெட்டிக் கட்டடம் இருக்கும். மாநகராட்சிப் பள்ளியோ, மாதா கோயிலோ, கல்யாண மண்டபமோ. அங்கேதான் போக வேண்டும். அப்படியென்றால் நான் அடுத்துக் கேட்பது: இரவு பன்னிரண்டு மணிக்கு அதன் சாவி யாரிடம்? முக்கால்வாசி இடங்களில் வாட்ச்மேனிடம் என்பார்கள். வாட்ச்மேன் வீடு எங்கே என்றால் தெரியாது. மாற்றுச் சாவியை அதே தெருவில் இரண்டு வீடுகளில் வைக்கச் சொல்லி நானே தலைமையாசிரியர்களிடம் போய்க் கெஞ்சியிருக்கிறேன். ஒத்துக்கொண்டவர்களுக்கு நன்றி. படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர், சக்கர நாற்காலிக்காரர், கைக்குழந்தை உள்ள வீடு எது, யார் யாரைத் தூக்குவது என்பதையும் அதே கூட்டத்தில் பேசி முடித்துவிடலாம். அரை மணி நேர வேலை.

சைரன் விஷயத்திலும் குழப்பம் உண்டு. மில் சங்கு கேட்டு வளர்ந்த ஊர் இது. ஆலைகளில் ஷிப்டுக்கு ஊதுவதும் சங்குதான், ஆபத்துக்கு ஊதுவதும் சங்குதான். சிவில் பாதுகாப்பு முறைப்படி, ஏறி இறங்கி இரண்டு நிமிடம் ஒலித்தால் எச்சரிக்கை. ஒரே சீராக இரண்டு நிமிடம் ஒலித்தால் ஆபத்து நீங்கியது. உங்கள் பக்கத்து ஆலையின் முறை வேறாக இருக்கலாம். அதை அவர்கள்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

"பொதுமக்கள் பயப்பட வேண்டாம்" என்று தொடங்கும் அறிக்கைகளை நான் பயனற்றவை என்றே கருதுகிறேன். பயந்தவரிடம் பயப்படாதே என்றால் என்ன செய்வார்? என்ன கசிந்தது, காற்று எந்தப் பக்கம், எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று மூன்று வரி சொன்னால் பயம் தானாக வேலையாக மாறும். புயல் கூண்டைப் பாருங்கள். துறைமுகத்தில் எத்தனாம் எண் கூண்டு என்று கேட்டதும் படகை மேலே ஏற்றுவதா, வலையைச் சுருட்டுவதா என்று காசிமேட்டில் தெரியும். தலைமுறைகளாக ஒரே குறி, ஒரே பொருள். அரசு அறிவுரை இப்படியும் ஜெயித்திருக்கிறது. தப்பான தகவலின் மேல் நின்றபோது கவிழ்ந்தும் இருக்கிறது: 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று சென்னையைக் காலி செய்யச் சொன்னார்கள், பாதிப் பட்டணம் ரயிலேறியது. குண்டு விழுந்ததோ 1943 அக்டோபரில், ஒற்றை விமானத்திலிருந்து.

மூன்று நாளைக்கு அரிசி பருப்பு சேர்த்து வையுங்கள் என்பதைத் தினக்கூலி வீட்டில் நான் வலியுறுத்துவதில்லை. மூடிய கேனில் குடிதண்ணீர், ஒரு டார்ச், மாத்திரைகள், பிளாஸ்டிக் உறையில் ரேஷன் கார்டும் ஆதாரும். மிக்ஜாம் புயலில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் போன் அணைந்து கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே 112 (அவசர உதவி), 108 (ஆம்புலன்ஸ்), 1070 (மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை), 1077 (மாவட்டக் கட்டுப்பாட்டு அறை) நான்கையும் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள்.

இதையெல்லாம் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு வந்த 1989-ஆம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகள் இருக்கின்றன. அவற்றின் 14-ஆம் விதிப்படி, பெரிய விபத்து நேரக்கூடிய ஆலைகளைச் சுற்றியுள்ள பகுதிக்கு மாவட்ட நிர்வாகம் அவசரத் திட்டம் வைத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை பார்க்க வேண்டும். 15-ஆம் விதிப்படி, என்ன ஆபத்து, அப்போது செய்ய வேண்டியது என்ன, செய்யக் கூடாதது என்ன என்பதை வெளியே வசிக்கும் மக்களுக்கு ஆலை நேரடியாகவோ மாவட்ட நிர்வாகம் வழியாகவோ தெரிவித்திருக்க வேண்டும்.

மாநகராட்சியின் அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு நாலு பேராகப் போங்கள். எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருப்பது எந்த வாயு, ஆபத்துச் சங்கு எப்படி ஒலிக்கும், இரவில் திறக்கும் கட்டடம் எது, இந்த ஆண்டு ஒத்திகை எந்தத் தேதி, அதில் எங்கள் தெரு இருக்கிறதா? இந்த ஐந்தையும் மனுவாக எழுதி, தேதியிட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அதே ஐந்து கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு அனுப்புங்கள்.