கெத்து வேறு, தன்னடையாளம் வேறு

தருமபுரி பேருந்து நிலையத்தில் நிற்கும் கல்லூரி மாணவர்கள் ‘ஐடென்டிட்டி’ என்று சொல்லும்போது, யாருடைய ரசிகன், எந்த ஏரியா, எந்த செட்டு, இன்ஸ்டா ஐடியில் என்ன பெயர், மணிக்கட்டில் எந்த நிறக் கயிறு என்பவற்றையே குறிக்கிறார்கள். அதை நாலு பேர் அறியக் காட்டுவது கெத்து. பெரியவர்களும் இதற்கு விதிவிலக்கல்ல. புதிதாக வந்தவரிடம் ஊர், தெரு, அப்பா பெயர் என்று சுற்றி வளைத்து ‘நம்ம ஆளுங்களா?’ என்ற இடத்துக்கு வந்து சேர்கிறோமே, அதுவும் அடையாள விசாரணைதான். (நாசூக்காகக் கேட்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம், எதிரில் இருப்பவருக்கு முதல் கேள்வியிலேயே புரிந்துவிடுகிறது.)

உளவியலாளர் பார்ப்பது இதை அல்ல. இத்துறையில் தன்னடையாளம் என்ற கருத்தை நிலைநாட்டிய எரிக் எரிக்சன் 1902இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் பிறந்தவர். யூதக் குடும்பத்தில் வளர்ந்த அவரை, பொன்னிற முடியையும் நீலக் கண்களையும் கண்டு யூதச் சிறுவர்கள் அந்நியன் என்று கேலி செய்தார்கள். பள்ளியிலோ யூதன் என்று ஒதுக்கினார்கள். நேற்று இருந்த நானும் இன்று இருக்கும் நானும் ஒருவரே என்ற தொடர்ச்சியுணர்வையும், சுற்றியிருப்பவர்கள் அந்த நானை ஏற்கிறார்கள் என்ற நம்பிக்கையையும் சேர்த்துத்தான் அவர் தன்னடையாளம் என்றார். வளரிளம் பருவத்தில் இது ஆட்டம் காண்பதை நோயாக அவர் கருதவில்லை. வளர்ச்சியின் ஒரு கட்டமாகவே கருதினார்.

உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா 1966இல் இதை இரண்டு கேள்விகளாக்கினார்: இந்த இளைஞர் பல வழிகளைத் தேடிப் பார்த்தாரா? ஏதேனும் ஒன்றில் உறுதியாக நின்றாரா? தேடி முடித்து நிற்பவர், இன்னும் தேடுபவர், தேடாமலேயே நின்றுவிட்டவர், இரண்டும் இல்லாதவர் என நான்கு நிலைகள் இதிலிருந்து கிடைக்கின்றன.

என்னிடம் ஆலோசனைக்கு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் தடுமாறுவது இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில்தான். பாலக்கோடு பக்கம் தக்காளி பயிரிடும் ஒருவர் தன் இளைய மகனை அழைத்து வந்தார் (ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). “முதல்ல போலீஸ்னான், அப்புறம் கேமரான்னான், இப்ப ஓசூர் கம்பெனிக்குப் போறேங்கறான். இவங்க அண்ணன் பாருங்க சார், பத்தாவதுலயே நான் சொன்ன படிப்புதான்னு முடிவு பண்ணிட்டான்” என்றார். தனியாகப் பேசியபோது மகனிடம் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. காவலர் தேர்வுக்கான 1500 மீட்டர் ஓட்டம் அவனுக்குச் சிரமமாக இல்லை, அந்த வேலைதான் பிடிக்கவில்லை. முகூர்த்த வீட்டுக்குக் கேமராவோடு விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்புவது பிடித்திருந்தது, ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் வருமானம் இல்லை. அதனால் ஓசூரில் ஓராண்டு உழைத்துச் சொந்தமாகக் கேமரா வாங்க எண்ணியிருந்தான். தந்தைக்கு அலைச்சலாகத் தெரிந்தது உண்மையில் தேடல்.

அண்ணனிடம் கோளாறு இருப்பதாக நான் சொல்லவில்லை. மார்சியா ஆய்வு செய்தது அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் 86 பேரை, அனைவரும் ஆண்கள். பெற்றோர் சொன்ன வழியில் மனமொப்பிச் சென்று நிறைவாக வாழ்வோர் நம் மாவட்டத்தில் ஏராளம். ஆனால் தேடிப் பார்க்காமலே ஏற்ற வழி அரியராலோ வேலையிழப்பாலோ அடைபடும்போது, ‘இது போனா நான் யாரு?’ என்று அவர்கள் திகைத்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே இந்தப் பிடிமானம் இல்லாத இளைஞருக்குத்தான் கயிறும் செட்டும் அளவுக்கு மீறி முக்கியமாகிவிடுகின்றன என்பது என் கணிப்பு. ஓவிய ரசனை என்ற அற்பக் காரணத்தைச் சொல்லி இங்கிலாந்துப் பள்ளி மாணவர்களை இரு குழுவாகப் பிரித்த சமூக உளவியலாளர் ஹென்றி டாஜ்ஃபெல், அவர்கள் முகமறியாத தம் குழுவினருக்கே சாதகமாக நடந்துகொண்டதை 1970களின் தொடக்கத்திலேயே காட்டியிருக்கிறார். ஓவியத்துக்கே இப்படியென்றால் சாதிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், பெங்களூருவில் வேலைக்குப் போனால் கன்னடம் என்று வளரும் ஓசூர் பக்கத்துப் பிள்ளையை ‘ரெண்டுங்கெட்டான்’ என்பதும், வீட்டில் அமைதியாகவும் நண்பர்களிடம் வாயாடியாகவும் இருப்பவரை ‘ஸ்பிளிட் பர்சனாலிட்டி’ என்பதும் பேச்சு வழக்கு மட்டுமே. இடத்துக்கேற்ப நடப்பது இயல்பு. ஒருவருக்குள் வெவ்வேறு ஆள்நிலைகள் மாறி மாறித் தோன்றி, இடையில் நடந்தவை நினைவிலிருந்தே விடுபட்டுப்போகும் அரிய நோய் முற்றிலும் வேறு. மனச்சிதைவு நோய் அதிலிருந்தும் வேறு.

தூக்கம், உணவு, படிப்பு ஆகியவை வாரக்கணக்கில் குலைந்தாலோ, தன் உடலே தனக்கு அந்நியமாகத் தோன்றுவதாக அடிக்கடி சொன்னாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, சாகலாம் போலிருக்கிறது என்று பேசினாலோ, பருவக் குழப்பம் என்று தள்ளிப்போடாமல் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். உடனே பேச வேண்டுமானால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.