பிரீத்தர்: டிரான்ஸ்பார்மரின் மூச்சுக்குடுவை

துணை மின்நிலையத்தின் வேலிக்கு வெளியே நின்று பார்த்தாலே தெரியும். பெரிய டிரான்ஸ்பார்மரின் மேலிருந்து ஒல்லியாக ஒரு குழாய் இறங்கி வரும், அதன் நுனியில் ஒரு கண்ணாடிக் குடுவை தொங்கும். உள்ளே ஜவ்வரிசி பருமனில் நீல மணிகள். அதன் பெயர் பிரீத்தர். ஆங்கிலத்தில் 'மூச்சு விடுவது' என்று பொருள்.

இரும்புத் தொட்டி எதற்கு மூச்சு விட வேண்டும்? உள்ளே இருப்பது கனிம எண்ணெய். சுருள்களின் சூட்டை வாங்கிக்கொள்வதும் மின்சாரம் தாவிவிடாமல் தடுப்பதும் அதன் வேலை. சூடேறினால் எண்ணெய் பெருகும். 1000 லிட்டர் எண்ணெயின் சூடு 40 டிகிரி கூடினால் ஏறக்குறைய 28 லிட்டர் பெருகும், அதாவது இரண்டு குடம் அளவு. அப்போது, எண்ணெய் பெருக இடம் தருவதற்காக மேலே வைத்திருக்கும் கன்சர்வேட்டர் என்ற சிறு தொட்டியிலிருந்து அந்த அளவு காற்று வெளியேறும். லோடு குறைந்து எண்ணெய் ஆறினால் அதே அளவு வெளிக்காற்று அந்தக் குடுவை வழியாக உள்ளே வரும். ஐப்பசி மாதத்துக் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கும் என்று அப்பளம் காயவைத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஈரம்தான் எண்ணெய்க்கு எமன். எண்ணெய் மாதிரியை எடுத்து, 2.5 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு மின்முனைகளுக்கு நடுவே நிரப்பி, பொறி தெறிக்கும்வரை மின்னழுத்தத்தை ஏற்றிப் பார்ப்பார்கள். புது எண்ணெய், வந்தபடியே 30 கிலோவோல்ட்டாவது தாங்க வேண்டும் என்கிறது இந்தியத் தரவிதி. வடிகட்டி ஈரம் நீக்கிய பிறகு அதில் இருமடங்குக்கும் மேல் தாங்க வேண்டும். கருவி இல்லாத இடத்தில் பழைய முறை ஒன்று உண்டு: எண்ணெயைச் சோதனைக்குழாயில் சூடாக்கினால், நீர் கலந்திருந்தால் சடசடக்கும். தாளிக்கும் கரண்டியில் தண்ணீர்ச் சொட்டு விழுந்தால் கேட்குமே, அதே சத்தம்தான்.

சரி, பிரீத்தர் என்ற சொல்லுக்கும் அதற்கேற்ற தமிழ்ப் பெயருக்கும் வருவோம். அதன் வேரான 'ப்ரேத்' என்றால் பழைய ஆங்கிலத்தில் மூச்சு அல்ல, வாசனை, ஆவி. மூச்சுக்கு அப்போது வேறு சொல் இருந்தது. அது வழக்கொழிந்துவிட்டாலும் அதன் ஜெர்மன் உறவான 'ஆட்டெம்' இன்றும் வாழ்கிறது. வடமொழி 'ஆத்மா'வும் அதே குடும்பம் என்பார்கள் மொழியறிஞர்கள். தமிழிலும் அப்படித்தானே? 'உயிர்த்தல்' என்றாலே மூச்சு விடுதல், 'நெட்டுயிர்ப்பு' என்றால் பெருமூச்சு. மூச்சும் உயிரும் நமக்கும் ஒரே சொல்தான்.

ஜெர்மானியர்கள் இந்தக் கருவிக்கு மட்டும் மூச்சை விட்டுவிட்டு, 'காற்றின் ஈரம் நீக்கி' என்று பொருள்படும் பெயரை வைத்திருக்கிறார்கள். அதைப் பின்பற்றித் தமிழில் 'ஈர உறிஞ்சி' என்று சொல்லலாம். ஆனால் அது உள்ளே ஈரத்தைக் குடிக்கும் சிலிக்கா ஜெல் மணிகளுக்குப் பொருந்துமே தவிர, கருவிக்குப் பொருந்தாது. 'மூச்சுவாங்கி' என்றால் மாடிப்படி ஏறி வந்தவர் போல இருக்கிறது. 'உயிர்ப்பி' அழகான சொல்தான், ஆனால் உயிர் கொடுப்பது என்று பொருள் மாறிவிடும். 'மூச்சுக்குடுவை' என்பதே என் தேர்வு. கண்ணில் படும் குடுவையும் அது செய்யும் வேலையும் இரண்டுமே பெயரில் வந்துவிடுகின்றன.

வெறும் பெயர்தானே என்று விட முடியாததற்குக் காரணம் நிறம். நீல மணிகளில் கோபால்ட் குளோரைடு ஏற்றியிருப்பார்கள். காய்ந்திருந்தால் நீலம், ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பு. வெளுத்த மணிகளை 120, 130 டிகிரியில் வறுத்தால் நீலம் திரும்பும். (வீட்டு வாணலியில் வேண்டாம், கோபால்ட் உப்பு நச்சு. அதனால்தான் இப்போது ஆரஞ்சு மணிகள் வருகின்றன.) காற்று கீழிருந்து நுழைவதால் கீழ் மணிகள்தான் முதலில் வெளுக்க வேண்டும். மேலே முதலில் வெளுத்தால், மேல் இணைப்பில் எங்கோ காற்று கசிந்து நுழைகிறது என்று பொருள். மணிகள் கருத்திருந்தால் எண்ணெய் இறங்கி நனைத்திருக்கிறது.

அப்போ எல்லாம் நீலமாகவே இருந்தால் நல்லதா? 'ஈர உறிஞ்சி' என்று மட்டும் நினைப்பவர் ஆமாம் என்பார். குடுவையின் அடியில் சின்ன எண்ணெய்க் கிண்ணம் ஒன்று இருக்கும். தூசியைப் பிடித்துக்கொண்டு, மணிகள் எந்நேரமும் வெளிக்காற்றில் படாமல் காப்பது அது. மூச்சு இழுக்கும்போது அதில் குமிழி வரும். புதுக் குடுவை வரும்போது வழியில் ஈரம் குடிக்காமலிருக்க அடித்துளையை மூடி அனுப்புவார்கள். பொருத்துகிறவர் அந்த மூடியைக் கழற்ற மறந்துவிடுவது பணியிடங்களில் நடக்கிற தவறு. அப்படி ஆனால் டிரான்ஸ்பார்மர் வாஷர் இடுக்குகள் வழியாக ஈரக்காற்றை இழுத்துக்கொள்ளும். குடுவையோ ஒரு மழைக்காலம் முழுக்க வாங்கின அன்று இருந்த நீலத்தோடு தொங்கும், கிண்ணத்தில் ஒரு குமிழிகூட வராது.