ஃபோர் வீல் டிரைவ் வளைவில் காப்பாற்றாது

மலைப்பாதையில் கவிழ்ந்த ஜீப் இன்னொன்று இந்த வாரம் பட்டறைக்கு வந்திருக்கிறது. வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், பெரிய டயர், கூரைமேல் கேரியர். ஓட்டிய தம்பி தோள் எலும்பு முறிவோடு தப்பியது பெரிய விஷயம். அவர் சொன்னதும் வழக்கமான பதில்தான்: "ஃபோர் வீல் டிரைவ் ஆச்சே, வளைவுல பிடிச்சுக்கும்னு நினைச்சேன் அண்ணா."

பிடிக்காது தம்பி. ஃபோர் வீல் டிரைவ் எஞ்சினின் இழுவையை நான்கு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். சேற்றிலிருந்து ஏறி வர உதவும். வண்டியை நிறுத்த அது உதவாது; பிரேக் மாருதி 800-க்கும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. காய்ந்த தார் ரோட்டில் 4எச் (முன்பின் சக்கரங்களைச் சேர்த்துப் பூட்டும் கியர்) போட்டு ஓட்டினால் இன்னும் மோசம். வளைவில் முன்சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும். பின்சக்கரங்களோடு பூட்டியிருப்பதால் முடியாமல், வண்டி நேராகப் போகவே பார்க்கும்.

கவிழாமல் காப்பது எடை தாழ்ந்திருப்பதும் இடது வலது சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலமும்தான். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் செய்த எம்ஜிபி ரோட்ஸ்டரை, அதாவது கூரை திறக்கும் சின்ன ஸ்போர்ட்ஸ் காரைப் பாருங்கள். உயரம் சுமார் 1.25 மீட்டர், கதவுக்கு மேலே கையை நீட்டினால் ரோடு எட்டிவிடும்போல இருக்கும். 95 குதிரைத்திறன்தான், ஆனால் வளைவில் அப்படியே ஒட்டிப் போகும். அமெரிக்க விதிகளுக்காக 1974 கடைசியில் அதை ஓர் அங்குலம்போல உயர்த்தினார்கள், வளைவில் சாயாமல் தடுக்கும் முன்பக்க ஆன்டி ரோல் பாரையும் எடுத்தார்கள். வண்டி கண்டபடி சாய ஆரம்பித்தது. 1977 மாடலில் முன்னும் பின்னும் பார் போட்டுத்தான் சரிசெய்தார்கள். ஓர் அங்குலத்துக்கே இந்தப் பாடு. நீங்கள் மூன்று அங்குலம் ஏற்றிக்கொண்டு வருகிறீர்கள்!

மகிந்திரா தார் 1.8 மீட்டருக்கு மேல் உயரம். தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் இடைவெளி, 650 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கும். எம்ஜிபி அங்கே சைலன்சரைத் தொலைத்துவிட்டு நிற்கும். மோதினாலும் தார்தான் மேல். ரோட்ஸ்டரில் ஏர்பேகும் கிடையாது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் கிடையாது. இரண்டும் நல்ல வண்டிகள்தான். ஒன்றை மற்றொன்றுபோல ஓட்டாதீர்கள்.

லிஃப்ட் கிட் வேண்டவே வேண்டாம். கேரியரில் பாரம் ஏற்றாதீர்கள். வேகத்தை வளைவுக்கு முன்பே குறையுங்கள், திருப்பிக்கொண்டே பிரேக்கை மிதிக்காதீர்கள். மணலுக்காக டயர் காற்றை இறக்கினால், தார் ரோடு ஏறும் முன் திரும்ப அடியுங்கள். அப்புறம், பின்சீட்டுப் பிள்ளைகளுக்கும் பெல்ட் போடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கவிழும்போது வெளியே தூக்கி எறியப்படுவது பெரும்பாலும் பெல்ட் போடாதவர்கள்தான்.