குளிர்ந்த தேநீரில் சர்க்கரை ஏன் அடியில் தங்குகிறது?

ஐஸ் மிதக்கும் ஒரு தம்ளர் தேநீரில் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள். கரண்டி கண்ணாடியில் மோதும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்குமே தவிர, சர்க்கரை எளிதில் மறையாது. கலக்குவதை நிறுத்திய சில நொடிகளில் வெள்ளைக் குருணை அடியில் படிந்துவிடும். தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், அந்தக் குருணையை ஒட்டிக் கானல்போல நெளியும் மெல்லிய கோடுகள் தெரியும். முதல் மிடறு துவர்க்கும், கடைசி மிடறு பாகாக இனிக்கும்.

இந்தத் தொல்லையே இல்லாத ஒரு குளிர்ந்த தேநீரை அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வீட்டுக்கு வீடு தயாரிக்கிறார்கள். 'ஸ்வீட் டீ' என்பது அதன் பெயர். ஜார்ஜியா, அலபாமா, தென் கரோலினா போன்ற இடங்களில் உணவகத்தில் அமர்ந்து வெறுமனே 'டீ' என்று கேட்டால், பெரும்பாலும் ஐஸ் நிரம்பிய உயரமான தம்ளரில் இனிப்பான, பால் சேர்க்காத, செந்நிறத் தேநீர்தான் மேசைக்கு வரும். சூடாகவோ சர்க்கரை இல்லாமலோ வேண்டுமென்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். செய்முறை மிக எளிது: தேயிலையைக் கொதிநீரில் ஊறவைத்துக் கெட்டியான டிகாக்‌ஷன் எடுத்து, அது சூடாக இருக்கும்போதே சர்க்கரையைக் கரைத்து, பிறகு தண்ணீர் விட்டுத் தளர்த்தி, ஆறவிட்டுக் குளிரவைப்பது. ஆனால் இந்த வரிசையில் எந்தப் படியை இடம் மாற்றினாலும் தேநீர் கெடுகிறது. காரணங்கள் சுவையானவை.

முதலில் பரவலான ஒரு தவறான விளக்கத்தைத் தள்ளிவைத்துவிடலாம். 'குளிர்ந்த நீரில் இவ்வளவு சர்க்கரை கரையாது. சூட்டில் கரைத்து ஆறவைப்பதால் ஸ்வீட் டீ ஒரு மீதெவிட்டிய கரைசல், அதாவது இயல்பான கொள்ளளவுக்கு மேல் சர்க்கரையைத் தாங்கும் கரைசல்' என்று பலர் எழுதுகிறார்கள். கேட்க அறிவியல்போல இருக்கிறது. கணக்குப் போட்டால் நிற்கவில்லை. 0 டிகிரி செல்சியஸில்கூட 100 கிராம் தண்ணீர் ஏறத்தாழ 180 கிராம் சர்க்கரையைக் கரைத்து வைத்துக்கொள்ளும். கொதிநிலையில் அது 480 கிராமைத் தாண்டும். ஸ்வீட் டீயில் இருப்பதோ 100 மில்லிலிட்டருக்கு 5 முதல் 10 கிராம் மட்டும். பனிபோலக் குளிர்ந்த தேநீரும் அதைப்போல 18 மடங்குக்குமேல் தாங்கும். ஆகவே இங்கே தடையாக நிற்பது கொள்ளளவு அன்று, வேகம்.

சர்க்கரைப் படிகத்தின் பரப்பிலிருந்து மூலக்கூறுகள் பிரிந்து நீருக்குள் வரும்போது, படிகத்தைச் சுற்றி முதலில் கெட்டியான பாகுப் படலம் ஒன்று உருவாகிறது. நாம் கண்ட நெளியும் கோடுகள் அந்தப் பாகுதான். அந்தப் படலத்திலிருந்து சர்க்கரை வெளியே பரவினால்தான் அடுத்த மூலக்கூறுக்கு இடம் கிடைக்கும். 5 டிகிரியில் உள்ள தண்ணீர், 95 டிகிரியில் உள்ளதைவிடச் சுமார் 5 மடங்கு பாகுத்தன்மை கொண்டது. மூலக்கூறுகளின் துள்ளலும் குளிரில் குறைந்துவிடுகிறது. பாகு நீரைவிட அடர்த்தியானது என்பதால் மேலே எழாமல் படிகங்களின் மேலேயே போர்வைபோலப் படுத்துக்கொள்கிறது. சூடான டிகாக்‌ஷனில் இந்தத் தடைகள் எல்லாம் தளர்ந்துவிடுவதால், நான்கைந்து சுற்றுக் கலக்கலிலேயே ஒரு பெரிய கிண்ணம் சர்க்கரை காணாமல் போகிறது. ஸ்வீட் டீயின் அளவில் ஒருமுறை கரைந்த சர்க்கரை, பெட்டிக்குள் குளிர்ந்தாலும் திரும்பப் படியாது.

அமெரிக்கத் தென்னாட்டுச் சமையலறைகள் இந்தப் பாடத்தைத் தொடக்கத்திலேயே கற்றுவிடவில்லை. வர்ஜீனியா இல்லத்தரசிகளின் குறிப்புகளைத் தொகுத்து 1879-இல் வெளியான ஒரு சமையல் நூலில் இனிப்பிட்ட ஐஸ் தேநீரின் குறிப்பு இருக்கிறது. அதில் காலையிலேயே தேநீரை ஊறவைத்து, நண்பகலில் வடிகட்டி வைத்துவிட்டு, மாலையில் தம்ளரை ஐஸால் நிரப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை இட்டு, அதன்மேல் ஆறிய தேநீரை ஊற்றச் சொல்கிறார்கள். அதாவது, சர்க்கரை கரைவதற்கு மிகவும் பாதகமான முறை. அதில் சொல்லப்படுவது பச்சைத் தேயிலை என்பதும் கவனிக்கத்தக்கது. 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்கு இந்திய, இலங்கைத் தேயிலையை விளம்பரம் செய்ய வந்த ரிச்சர்ட் பிளெச்சின்டன், வெயிலில் யாரும் சூடான தேநீரைத் தொடாததால் ஐஸைப் போட்டு இந்தப் பானத்தையே கண்டுபிடித்தார் என்று சொல்லப்படும் கதை, இந்தக் குறிப்பு ஒன்றினாலேயே அடிபட்டுப்போகிறது. அவர் செய்தது கண்டுபிடிப்பு அன்று, விளம்பரம்.

சூடாக இருக்கும்போது சுவைபார்த்து இனிப்பை முடிவு செய்பவர்கள் ஏமாறுவார்கள். நாக்கின் இனிப்பு உணர்வு வெப்பநிலையைப் பொறுத்தது. சுவைச் செல்களில் இனிப்புச் செய்தியைக் கடத்த உதவும் டிஆர்பிஎம்5 என்ற அயனிக் கால்வாய், 15 டிகிரியிலிருந்து 35 டிகிரி வரை வெப்பம் கூடக்கூட வலுவாகத் திறக்கிறது என்று 2005-இல் ஓர் ஆய்வு காட்டியது. குளிர்ந்த பானம் வாய்க்குள் வரும்போது அந்தக் கால்வாய் சோம்பலாகிவிடுகிறது. உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவதும் இதனால்தான். எனவே, வெதுவெதுப்பாக இருக்கும்போது 'சற்றுக் கூடுதல்' என்று படும் இனிப்புதான் ஐஸுடன் சேரும்போது அளவாக நிற்கும்.

இனி அளவுகள். 2 லிட்டர் தேநீருக்கு 16 கிராம் கறுப்புத் தேயிலை, அதாவது சாதாரண டீ பை 8, போதும். 750 மில்லிலிட்டர் தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்கவைத்து இறக்கி, தேயிலையை இட்டு மூடி, 5 முதல் 7 நிமிடம் விடுங்கள். பையை எடுக்கும்போது பிழிய வேண்டாம். பிழிந்தால் நுண்தூள் தாளின் வழியாகக் கசிந்து பானத்தைக் கலக்கும். 150 கிராம் சர்க்கரையை உடனே சேர்த்துக் கலக்குங்கள். தென்னாட்டார் பலருக்கு இது போதாது, என் நாக்குக்கு இதுவே மிகுதி. 250 மில்லிலிட்டர் தேநீரில் 19 கிராம் சர்க்கரை போய்விடுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். பிறகு ஒன்றேகால் லிட்டர் சாதாரணத் தண்ணீரை விட்டால், கலவை ஏறத்தாழ 50 டிகிரிக்கு இறங்கும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிடலாம்.

கொதிநீர் ஏன் வேண்டும் என்பதற்கு விடை தேயிலைக்குள் இருக்கிறது. பறித்த இலையைக் கசக்கும்போது, அதில் உள்ள கேட்டசின் என்ற பாலிபீனால்கள் (செடிகளில் உள்ள துவர்ப்புச் சேர்மங்கள்) நொதிகளின் துணையால் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து, பொன்னிறமான தியாஃபிளேவின்களாகவும் செம்பழுப்பான தியாரூபிஜின்களாகவும் மாறுகின்றன. கறுப்புத் தேயிலையின் நிறமும் துவர்ப்பும் பெருமளவு இவற்றின் கொடை. காஃபீன் சிறிய மூலக்கூறு என்பதால் வெகுவிரைவில் நீருக்குள் வந்துவிடுகிறது; உருவில் பெரிய இந்தப் பாலிபீனால்களுக்குத்தான் வெப்பமும் நேரமும் தேவை. வாய்க்குள் சென்றதும் அவை உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொண்டு அவற்றின் வழுவழுப்பைப் பறிக்கின்றன. நாம் துவர்ப்பு என்று உணர்வது அந்த வறட்டுத்தன்மையைத்தான்.

நான் முதன்முதலில் செய்த ஜாடி, மறுநாள் காலையில் அரிசி கழுவிய தண்ணீரில் செங்கல் தூளைக் கலந்ததுபோல இருந்தது. கெட்டுவிட்டதோ என்று முகர்ந்து பார்த்தேன், மணத்தில் குறையில்லை. தேயிலைத் துறையில் இதற்கு 'டீ கிரீம்' என்று பெயர். பால் ஏட்டுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சூட்டில் தனித்தனியே அலைந்துகொண்டிருந்த காஃபீனும் தியாஃபிளேவின்களும், தேநீர் குளிரும்போது ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அடுக்கடுக்காகச் சேர்கின்றன. நீரில் கரைந்து நிற்க முடியாத அளவுக்கு அந்தத் திரள்கள் வளர்ந்ததும் ஒளியைச் சிதறடிக்கின்றன, பானம் கலங்கித் தெரிகிறது. தண்ணீரில் கால்சியம் இருந்தால் திரள்வது இன்னும் மும்முரமாகும். உடலுக்கு இதனால் கெடுதல் ஏதும் இல்லை. ஒரு கரண்டி எடுத்துச் சூடாக்கினால் அது அப்படியே தெளிந்துவிடுவதைக் காணலாம். வெப்பம் அந்தப் பிணைப்புகளை மறுபடி அவிழ்த்துவிடுகிறது.

என் பிழை, கெட்டி டிகாக்‌ஷனைத் தளர்த்தாமல் அப்படியே உள்ளே வைத்ததுதான். செறிவு எவ்வளவு கூடுதலோ அவ்வளவுக்கு மூலக்கூறுகள் ஒன்றையொன்று சந்திக்கும் வாய்ப்பும் கூடுதல். முன்பே முழு அளவு தண்ணீரையும் விட்டிருந்தால் கலங்கல் பெரிதும் குறைந்திருக்கும். இலையின் தேர்வும் முக்கியம். அமெரிக்கா இறக்குமதி செய்யும் கறுப்புத் தேயிலையில் மிகப் பெரிய பங்கு அர்ஜென்டினாவிலிருந்து வருகிறது. அது தேநீர் ரசிகர்கள் கொண்டாடும் இலை அன்று, ஆனால் குளிர்ந்தபின் தெளிவாக நிற்கும். நம் நீலகிரித் தேயிலைக்கும் அதே நற்பெயர் உண்டு. கலங்காமல் நிற்பதால் ஐஸ் தேநீர்க் கலவைகளில் அதை விரும்பிச் சேர்க்கிறார்கள். வீட்டில் ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர் வருபவர்கள், இதற்கு மட்டுமாவது வடிகட்டிய குடிநீரைப் பயன்படுத்துவது நல்லது.

கொதிநீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைப் போடுவது அமெரிக்கத் தென்னாட்டுப் பாட்டிமார் பலரின் வழக்கம். துவர்ப்பைத் தணிக்கும் என்பார்கள், உண்மைதான். தேநீர் சற்றே அமிலத்தன்மை உடையது, அதன் பிஎச் மதிப்பு 5-ஐ ஒட்டியிருக்கும். சோடா அதை நடுநிலையை நோக்கி உயர்த்தும்போது பாலிபீனால்கள் தம் புரோட்டான்களை இழந்து எதிர்மின் சுமை பெறுகின்றன. ஒரே வகை மின்சுமை கொண்டவை ஒன்றையொன்று தள்ளுவதால் அவை திரளாமல் நீரிலேயே கரைந்து நிற்கின்றன; அதே மாற்றம் அவற்றின் நிறத்தையும் கருமையாக்குகிறது. எலுமிச்சை இதற்கு நேரெதிர். சாறு பட்ட கணத்தில் தேநீர் செம்பழுப்பிலிருந்து தேன் நிறத்துக்கு வெளுக்கும். இரண்டையும் ஒரே ஜாடியில் சேர்ப்பதில் பயனில்லை. அமிலமும் சோடாவும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு சில குமிழிகளாகப் போய்விடும். சோடாவுக்கு 2 லிட்டருக்குக் கால் தேக்கரண்டியில் பாதி என்பது மேல்வரம்பு. அதைத் தாண்டினால் சோப்பு வாடை தட்டும்.

அடுத்தது ஐஸ். இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். 0 டிகிரி ஐஸ் ஒரு கிராம் உருக 334 ஜூல் வெப்பம் வேண்டும்; உருகிய நீர் 5 டிகிரிக்கு வர மேலும் 21 ஜூல். 200 மில்லிலிட்டர் தேநீரை 60 டிகிரியிலிருந்து ஐஸைக் கொண்டே 5 டிகிரிக்கு இறக்க வேண்டுமானால், ஏறத்தாழ 130 கிராம் ஐஸ் உருக வேண்டும். தம்ளரில் ஐந்தில் இரண்டு பங்கு வெறும் தண்ணீராகிவிடும். 30 டிகிரிக்கு ஆறிய தேநீருக்கு 59 கிராம் போதும். முன்பே குளிரவைத்ததற்கு அதுவும் தேவையில்லை. சர்க்கரைக்குச் சூடு வேண்டும், ஐஸுக்குக் குளிர்ந்த தேநீர் வேண்டும். இரண்டுக்கும் இடையே சில மணி நேரக் காத்திருப்பு தவிர்க்க முடியாதது.

ஐஸ் என்பதே அமெரிக்கத் தென் மாநிலங்களுக்கு ஒரு காலத்தில் இறக்குமதிச் சரக்கு. பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர், வடக்கே உறைந்த ஏரிகளில் அறுத்த பனிக்கட்டிகளை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி, சார்ல்ஸ்டன், நியூ ஆர்லியன்ஸ் போன்ற துறைமுகங்களுக்கு அனுப்பினார். அதே பனிக்கட்டி 1833-இல் கல்கத்தாவுக்கும், பின்னர் சென்னைக்கும் வந்தது. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் அதைச் சேமிக்கக் கட்டிய கிடங்கினால்தான் அந்தப் பகுதிக்கு 'ஐஸ் ஹவுஸ்' என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. செயற்கையாகப் பனிக்கட்டி செய்யும் ஆலைகள் பெருகிய பிறகே, ஐஸ் தேநீர் வசதியானவர்களின் மேசையிலிருந்து இறங்கி எல்லோருடைய அடுப்படிக்கும் வந்தது.

தயாரித்த தேநீரைப் பெட்டிக்குள் மூடிவைத்து இரண்டு மூன்று நாள்களுக்குள் குடித்துவிட வேண்டும். கண்ணாடி ஜாடியை வெயிலில் வைத்துத் தேயிலையை ஊறவிடும் 'சன் டீ' முறை அழகாகத் தோன்றினாலும், எனக்கு அதில் உடன்பாடில்லை. வெயிலில் ஜாடி எட்டும் சூடு ஏறத்தாழ 55 டிகிரிதான். இலையிலும் ஜாடியிலும் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களைக் கொல்ல அது போதாது, மிதமாக இருக்கும் மற்ற மணி நேரங்களிலோ அவை பெருகவும் செய்யும். சர்க்கரையை முன்கூட்டியே போட்டிருந்தால் அவற்றுக்கு விருந்து வேறு. டீ கிரீமையும் கெட்ட தேநீரையும் பிரித்தறிவது கடினமன்று. சூடாக்கியதும் தெளிந்தால் அது டீ கிரீம். ஊற்றும்போது எச்சில்போல இழையிழையாக நீண்டால் பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிட்டது. அந்த ஜாடியைக் கவிழ்த்துவிட்டுக் கொதிநீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.