கிற்றார் அம்பில் சின்ன வால்வை மாற்றினால் என்ன மாறும்?

கிற்றாரின் ஒலியைப் பெருக்கும் கருவிதான் அம்பு. வால்வு அம்பின் பின்பக்கம் குனிந்து பார்த்தால் வால்வு எனப்படும் கண்ணாடிக் குழாய்கள் இரண்டு அளவில் தெரியும். ஸ்பீக்கரை அசைக்கும் வலுவைக் கொடுப்பவை பெரியவை. பெருவிரல் அளவில், பல அம்புகளில் தகர மூடி போட்டு நிற்பவை முன்பெருக்கி வால்வுகள். கிற்றாரிலிருந்து வரும் மெல்லிய சைகையை முதலில் தொடுபவை இவைதான். வீட்டிலேயே கழற்றி வேறொன்றைப் போட்டுப் பார்க்கக்கூடியவையும் இவைதான். பெரிய வால்வை மாற்றினால் அதன் ஓய்வு மின்னோட்டத்தை, அதாவது சைகை வராதபோதும் ஓடும் மின்னோட்டத்தை, அளந்து சரிசெய்ய வேண்டிவரலாம். சின்ன வால்வுக்கு அந்த வேலை இல்லை. வால்வுக்குள் உள்ள கதோட்டு என்ற உறுப்பின் அடியில் இணைத்திருக்கும் ஒரு தடையியே அதைப் பார்த்துக்கொள்கிறது.

முதலில் குழாய்க்குள் நடப்பதைப் பார்ப்போம். நடுவில் உள்ள இழை சூடாகி, தன்னைச் சுற்றியுள்ள கதோட்டுக் குழலைச் சூடாக்குகிறது. சூடான கதோட்டு இலத்திரன்களை வெளிவிடுகிறது. வெளிப்புறத்து அனோட்டில் 150 முதல் 250 வோல்ற் வரை நேர் மின்னழுத்தம் இருப்பதால் அவை வெற்றிடத்தைக் கடந்து அங்கே ஓடுகின்றன. 1904இல் பிளெமிங் செய்த வால்வில் இவ்வளவுதான் இருந்தது. 1906இல் லீ டி ஃபொறெஸ்ட் இரண்டுக்கும் இடையில் மூன்றாவதாக ஒரு கம்பியைப் புகுத்தினார். அதன் பெயர் கிரிட். இன்றைக்கும் கிற்றார் சைகை வந்து சேரும் இடம் அதுதான்.

தோட்டத்துக்கு நீர் இறைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தண்ணீரைத் தள்ளும் வலு கிணற்றடி மிசினுடையது. வாய்க்காலில் மண்வெட்டியோடு நிற்பவர் மடையை ஒரு பிடி மண்ணால் அடைத்தாலோ திறந்தாலோ பாத்திக்குப் போகும் நீரின் அளவு மாறிவிடும். அவருடைய கை அசைவு சிறியது, நீரின் மாற்றம் பெரியது. கிரிட் செய்வதும் மடை வேலைதான். அதில் ஒரு வோல்ற்றின் பத்தில் ஒரு பங்கு அசைந்தால் அனோட்டில் பல வோல்ற் அசையும்.

கிற்றார் அம்புகளில் மிகுதியாகக் காணப்படுவது 12ஏஎக்ஸ்7. ஐரோப்பியப் பெயர் ஈசிசி83. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு தனித்தனி வால்வுகள், அடியில் ஒன்பது கால்கள். இதன் பெருக்கக் காரணி 100. ஆனால் அம்புக்குள் 100 மடங்கு கிடைப்பதில்லை. வழமையான சுற்றில் அனோட்டுக்கு மேலே 100 கிலோ ஓம் தடையி இருக்கும். வால்வின் உள்தடை ஏறத்தாழ 62 கிலோ ஓம். இரண்டும் பங்குபோட்ட பிறகு மிஞ்சுவது 60 மடங்கு அளவில்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் எந்த மாற்று வால்வு என்ன செய்யும் என்பதை வாங்குவதற்கு முன்பே ஊகிக்கலாம். 5751 என்ற வால்வின் காரணி 70. அதே சுற்றில் 44 மடங்கு, அதாவது 3 டெசிபெல் குறைவு. 12ஏவை7 ஏறத்தாழ 36 மடங்கு கொடுக்கும். 12ஏயூ7 போட்டால் 15 மடங்கு அளவுக்கு இறங்கி, 12 டெசிபெல் போய்விடும். 12ஏரி7இன் காரணி 60 என்று அச்சிட்டிருப்பார்கள். அது 10 மில்லி அம்பியர் அளவில் ஓடும்போது உள்ள எண். முன்பெருக்கியில் ஓடுவது 1 மில்லி அம்பியர்தான், அங்கே இந்த எண் குறையும்.

வால்வு மாற்றியபின் கேட்கும் வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்தப் பெருக்க வித்தியாசமே. ஒரே வகை வால்வை இரண்டு தொழிற்சாலைகள் செய்தால் வரும் வேறுபாடு அதைவிட மிகச் சிறியது. ஆகவே கையில் இருக்கும் காசுக்கு ஐந்து விதமான 12ஏஎக்ஸ்7 வாங்குவதைவிட ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 5751, ஒரு 12ஏவை7 வாங்குவதே மேல். காதுக்கு உறைக்கும் வேறுபாடு அப்போதுதான் கிடைக்கும். ஃபெண்டர் நிறுவனமே 1950களின் பிற்பகுதியில் தன் பாஸ்மன் அம்பின் முதல் இடத்தில் 12ஏவை7ஐத்தான் வைத்தது.

சத்தம் குறைவதோடு ஒலியின் நிறமும் கொஞ்சம் மாறும். கிரிட்டுக்கும் அனோட்டுக்கும் இடையில் 1.6 பிக்கோ ஃபரட் அளவில் ஒரு சிறு மின் கொள்ளளவு இருக்கிறது. வால்வு 60 மடங்கு பெருக்கும்போது முன்னால் உள்ள சுற்றுக்கு அது 60 மடங்கு பெரிதாக, கிட்டத்தட்ட 100 பிக்கோ ஃபரட்டாகத் தெரிகிறது. இரண்டாவது பெருக்கக் கட்டத்துக்கு முன்னால் 1 மெகா ஓம் வொலியூம் திருகி இருந்து, அது மின்னளவில் நடுவில் நின்றால், அதன் வெளியீட்டுத் தடை 250 கிலோ ஓம். அந்த 100 பிக்கோ ஃபரட்டோடு சேர்ந்து 6,400 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை இது தேய்த்துவிடும். அதே இடத்தில் 12ஏவை7 இருந்தால் எல்லை 13,000 ஹேர்ட்ஸ் அளவுக்கு ஏறும். குறைந்த பெருக்கமுள்ள வால்வு போட்டதும் ஒலி தெளிந்தது என்று சிலர் சொல்வது வெறும் மயக்கம் அல்ல. இப்படி ஒரு காரணம் இருக்கிறது.

எந்த இடத்தில் மாற்றுகிறோம் என்பது எதை மாற்றுகிறோம் என்பதைப் போலவே முக்கியம். கிற்றார் வயர் செருகும் துளைக்கு மிக அருகில் உள்ளது பெரும்பாலும் முதல் வால்வு. அதில் எழும் இரைச்சலும் சேர்ந்து பின்னால் உள்ள எல்லாக் கட்டங்களாலும் பெருகும். அதனால் கையில் உள்ளதில் மிக அமைதியானதை இங்கே வையுங்கள். சோதனையையும் இங்கிருந்து தொடங்குங்கள். பெரிய வால்வுகளுக்கு அருகில் உள்ள கடைசிச் சின்ன வால்வு சைகையை எதிரெதிரான இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது. அங்கே மாற்றினால் வித்தியாசம் குறைவாகவே தெரியும். ஃபெண்டரின் எதிரொலி உள்ள அம்புகளில் அந்த எதிரொலியை உண்டாக்கும் சுருள்கம்பித் தட்டை ஓட்டும் இடத்தில் 12ஏரி7 இருக்கும். அங்கே இரண்டு பாதிகளும் சேர்ந்து கூடிய மின்னோட்டம் கொடுக்க வேண்டும். 12ஏஎக்ஸ்7 அதற்குத் தாங்காது, எதிரொலி சோர்ந்துவிடும். அந்த வால்வைத் தொடாமல் விடுங்கள்.

மார்ஷல் வகை அம்புகளில் தொனித் திருகிகளுக்கு முன்னால் ஒரு கட்டம் உண்டு. அதன் கதோட்டு 150 வோல்ற்றுக்கு மேலே நிற்கும். இழையோ தரை மின்னழுத்தத்துக்கு அருகில். இரண்டுக்கும் இடையே 12ஏஎக்ஸ்7 தாங்கக்கூடியது 180 வோல்ற். எல்லையை ஒட்டியே வேலை செய்வதால் இந்த இடத்தில் வால்வு சீக்கிரம் படபடக்கத் தொடங்கும். இரைச்சல் வந்தால் முதல் வால்வுக்கு அடுத்ததாகச் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

ஒன்பது கால் இருந்தால் எல்லாம் ஒன்றல்ல. ஈஎல்84உம் ஒன்பது கால்தான், ஆனால் அது வலுவுக்கான வால்வு. ஈசிசி88 பார்வைக்கு 12ஏஎக்ஸ்7 போலவே இருக்கும், இழை இணைப்பு வேறு. வழமையான 6.3 வோல்ற் இணைப்பில் நாலாம் ஐந்தாம் கால்களை ஒன்றாகக் கட்டியிருப்பார்கள், ஆகவே ஈசிசி88 சூடாகவே மாட்டாது. நாலுக்கும் ஐந்துக்கும் இடையில் 12.6 வோல்ற் கொடுக்கும் அம்பில் போட்டால் இழை எரிந்துவிடும். பழைய வால்வு றேடியோவிலிருந்தோ கல்யாண வீட்டு ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்தோ எடுத்த வால்வானால் கண்ணாடியில் உள்ள எண்ணை வெளிச்சத்தில் பிடித்து வாசித்த பிறகே செருகுங்கள். உச்சியில் வெள்ளிப் பூச்சு மின்ன வேண்டும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, எறிய வேண்டியதுதான்.

கழற்றும் முறைக்கு வருவோம். வால்வுகள் நின்ற ஒழுங்கை முதலில் போனில் படம் பிடியுங்கள். சுவிச்சை நிறுத்தி, பிளக்கையும் சுவரிலிருந்து இழுத்துவிட்டு 15 நிமிடம் ஆறவிடுங்கள். வால்வுகள் வெளியே தெரியும் அம்பில் இரும்புப் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை, திறக்கவும் கூடாது. உள்ளே உள்ள கொள்ளளவிகள் பிளக்கை இழுத்த பிறகும் 300, 400 வோல்ற்றைப் பிடித்து வைத்திருக்கலாம். அது உயிரைக் குடிக்கும் அளவு. தகர மூடி இருந்தால் கீழே அமத்தித் திருகினால் வரும். வால்வைக் கீழ்ப்பாகத்தில் பிடித்து, சிறு வட்டமாக அசைத்தபடி நேராக இழுங்கள். பக்கவாட்டில் நெம்பினால் கால் வளையும், சிலவேளை கால் கண்ணாடியில் சேரும் இடமே வெடிக்கும். கால்களுக்கிடையே ஒரு பக்கத்தில் மட்டும் அகன்ற இடைவெளி உண்டு. புதிய வால்வில் அதைச் சொக்கெற்றின் இடைவெளியோடு பொருத்திய பின்பே அழுத்துங்கள்.

வொலியூமைச் சுழியத்தில் வைத்து அம்பைப் போட்டு, ஒரு நிமிடம் சூடேற விடுங்கள். பிறகு மெல்லக் கூட்டி, ஒரு பென்சிலின் மரமுனையால் கண்ணாடியை மெதுவாகத் தட்டுங்கள். லேசான டொக் சத்தம் எந்த வால்விலும் வரும். மணிபோல நீண்டு ஒலித்தாலோ தானாகவே கூவினாலோ உள்ளே உறுப்புகள் தளர்ந்திருக்கின்றன. அதை முதல் இடத்தில் வைக்காதீர்கள். ஸ்பீக்கரும் அம்பும் ஒரே பெட்டியில் இருந்தால் இந்தக் குறை இன்னும் மோசமாகும்.

ஒப்பிடுவதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். சற்றுக் கூடிய சத்தத்தைக் காது எப்போதும் நல்ல ஒலி என்றே எடுத்துக்கொள்ளும். வால்வை மாற்றி ஆறவைத்துச் சூடேற்றுவதற்குள் முந்திய ஒலியின் நினைவும் மங்கிவிடும். ஒரே மெட்டை, பதிந்ததைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப் பெடலில் பதிந்து, அதையே ஒவ்வொரு வால்வுக்கும் ஓட்டுங்கள். அப்படிச் செய்தால் கை அழுத்தத்தின் வேறுபாடு கணக்கில் வராது. போனை ஒரே இடத்தில், ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி வைத்து ஒலிப்பதிவு செய்யுங்கள். பின்னர் பதிவுகளின் சத்தத்தைச் சமப்படுத்திக் கேளுங்கள். ஒரு தடவைக்கு ஒரு வால்வு மட்டும். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது என்ன செய்தது என்று ஒருபோதும் பிரித்தறிய முடியாது.

உர்ர் என்ற இரைச்சலிலும் தகவல் இருக்கிறது. இலங்கையின் மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். தாழ்ந்த 50 ஹேர்ட்ஸ் முனகல் வால்வின் இழையிலிருந்து கசிந்து வரலாம், வால்வை மாற்றினால் போகக்கூடும். 100 ஹேர்ட்ஸ் முனகல் பெரும்பாலும் மின்வழங்கிக் கொள்ளளவிகள் தளர்ந்ததன் அடையாளம். அதை வால்வு மாற்றித் தீர்க்க முடியாது. சந்தேகமானால் அம்பை நிறுத்தி, முதல் வால்வை எடுத்துவிட்டு, அது இல்லாமலே அம்பை மறுபடி போட்டுப் பாருங்கள். சத்தம் அப்படியே இருந்தால் குற்றம் அந்த வால்வில் இல்லை.

குருநகர், பாஷையூர் போன்ற கரையோரங்களில் உப்புக் காற்று சொக்கெற்றின் உலோகப் பிடிகளைக் கறுக்க வைக்கும். படபடப்பும் ஒலி வந்து வந்து போவதும் பல தடவை இதனால்தான், குற்றமோ வால்வின் தலையில் விழுகிறது. காசு செலவழிக்க முன் இதைச் செய்யுங்கள்: ஆறிய அம்பில், வால்வின் கால்களில் ஐசோபுரோப்பைல் அற்ககோல் சிறிது பூசி, ஐந்தாறு தடவை செருகி இழுத்து, நன்றாகக் காயவிடுங்கள். எண்ணெய்ப் படலம் விட்டுப்போகும் துருநீக்கித் தெளிப்பான் வேண்டாம், அதில் தூசி ஒட்டும்.

இன்னொன்று, கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த அம்புக்கு உரியது. பின்புறத் தகட்டில் 120 வோல்ற் என்று இருந்தால் 230ஐ 120 ஆக்கும் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் பிளக்கைச் செருகக்கூடாது. தகட்டில் 60 ஹேர்ட்ஸ் மட்டும் எழுதியிருந்தால் 50 ஹேர்ட்ஸில் அம்பின் ட்ரான்ஸ்போமர் கூடுதலாகச் சூடேறும். பழுதுபார்ப்பவரிடம் காட்டி, இழைக்கு வரும் மின்னழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். 6.3 வோல்ற்றில் இருந்து பத்து வீதத்துக்கு மேல் விலகியிருந்தால் எந்த நல்ல வால்வும் அங்கே நீடிக்காது.