மீன் தொட்டிக்கு எம்சிபி மட்டும் போதாது

மூன்றடி மீன் தொட்டி எவ்வளவு கரண்ட் இழுக்கும்? ஹீட்டர் 150 வாட், ஃபில்டர் 15, எல்இடி விளக்கு 20, ஏர் பம்ப் 5. எல்லாம் சேர்ந்து 190 வாட். நம் 230 வோல்ட் சப்ளையில் ஒரு ஆம்பியர்கூட வராது. மிக்ஸியே இதைவிட அதிகம் கேட்கும். அதனால்தான் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம்.

ஆனால் தொட்டியில் ஆபத்து லோடால் வருவதில்லை, மின் கசிவால் வருகிறது. கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்சான எம்சிபி வயரைக் காப்பாற்ற வந்தது, ஆளை அல்ல. ஈரக் கையோடு இருப்பவரின் உடல் சுமார் 1000 ஓம் தடை தரும் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் அவர் வழியே 230 மில்லி ஆம்பியர் பாயும். இதயத் துடிப்பைக் குலைக்க அது தாராளம். 6 ஆம்பியர் எம்சிபிக்கோ அது ஒரு 60 வாட் குண்டு பல்பு எரிவதற்குச் சமம். அசையாது.

கசிவு பெரும்பாலும் ஹீட்டரில் ஆரம்பிக்கும். தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரை அணைக்க மறந்தால் கண்ணாடிக் குழாய் காற்றில் கொதிக்கச் சூடாகும். மேலே குளிர்ந்த நீர் பட்டதும் விரிசல் விடும். உள்ளே இருக்கும் பேஸ் நேராக நீரைத் தொடும். அப்போதும் மீன்கள் நிம்மதியாக நீந்திக்கொண்டிருக்கும்! கண்ணாடித் தொட்டி, மர ஸ்டாண்ட். மின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லை. நீர் முழுவதும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் மீன் வழியாகவும் எதுவும் பாய்வதில்லை. வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்கும் ஒருவர் கையை விட்டால்தான் வழி திறக்கும்.

இதைப் பிடிக்கத்தான் ஆர்சிசிபி என்ற கசிவு சுவிட்ச். பேஸ், நியூட்ரல் இரண்டு வயரும் அதனுள் ஒரே காந்த வளையத்தின் ஊடே போகின்றன. போன கரண்ட் முழுசாகத் திரும்பினால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கொஞ்சம் தரைக்குப் போய்விட்டால் மிச்சப் புலம், வளையத்தில் சுற்றியுள்ள இன்னொரு சுருளில் மின்சாரத்தைத் தூண்டி சுவிட்சை விழவைக்கும். வீட்டுக்கு வாங்க வேண்டியது 30 மில்லி ஆம்பியர் வகை. அந்த அளவுக் கசிவில் அதிகபட்சம் 0.3 விநாடி, ஐந்து மடங்கானால் 0.04 விநாடிக்குள் விழ வேண்டும் என்பது தரவிதி. ஷாக் அடிக்கத்தான் செய்யும், ஆனால் நீடிக்காது. ஒரே நேரத்தில் பேஸையும் நியூட்ரலையும் தொட்டால் மட்டும் இதற்கு ஒன்றும் தெரியாது.

மீன் கடைகளில் கிடைக்கும் பல பம்புகளுக்கு இரண்டு பின் பிளக்தான், எர்த்தே கிடையாது. எர்த் வயர் இல்லாமலும் ஆர்சிசிபி வேலை செய்யும் என்பதால் அது இங்கே இன்னும் முக்கியம். நீருக்குள் டைட்டானியம் எர்த் கம்பி ஒன்று போட்டால் கசிவு உடனே தரைக்குப் பாய்ந்து, கை விடுவதற்கு முன்பே சுவிட்ச் விழுந்துவிடும். ஆர்சிசிபி இல்லாமல் கம்பியை மட்டும் போடாதீர்கள். சிறு கசிவு நிற்காமல் நீர் வழியே ஓடிக்கொண்டே இருக்கும்.

தொட்டிக்கென்று தனி லைன் இருந்தால் நல்லது. அதில் ஆர்சிபிஓ போட்டால் ஓவர்லோடையும் கசிவையும் ஒன்றே கவனிக்கும், வேறு எங்கோ கீசர் கசிந்து ஏர் பம்ப் நிற்கவும் செய்யாது. இன்வெர்ட்டர் லைனில் தொட்டியைக் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. மெயின் ஆர்சிசிபி விழுந்தால் இன்வெர்ட்டர் அதைக் கரண்ட் கட் என்று எண்ணி பேட்டரியிலிருந்து கொடுக்க ஆரம்பித்துவிடும். ஆகவே இன்வெர்ட்டருக்கு அப்புறம் இன்னொரு பாதுகாப்பு வேண்டும். எந்த இடத்தில் என்பதை எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லட்டும்.

மற்றவை சின்ன வேலைகள். சாக்கெட்டைத் தொட்டிக்கு நேர் கீழே வைக்காமல் பக்கவாட்டில் உயரமாக வையுங்கள். ஒவ்வொரு வயரும் சாக்கெட்டைவிடத் தாழ்வாகத் தொங்கி, பிறகு மேலேறி நுழையட்டும். வயர் வழியே வரும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். ஏர் பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், கரண்ட் போனதும் குழாய் வழியே தண்ணீர் பம்புக்குள் இறங்கும். பத்திருபது ரூபாய் நான்-ரிட்டர்ன் வால்வு அதைத் தடுக்கும்.

ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான். தொட்டிக்குள் கை விடும்போது எல்லாப் பிளக்கையும் கழற்றிவிடுங்கள், ஹீட்டரை மட்டும் கால் மணி நேரம் முன்னாலேயே.